நாற்பத்திரண்டு சொற்கள்

“ஹலோ... அக்கா, வெச்சிடாத! ... ஆமா, ஆமா, ஆஸ்பத்திரிலதான். பேச்சுப் பயிற்சி குடுக்கிற எடம். குட்டி என் மடியிலதான் இருக்கா... இல்ல, கடத்திட்டு வரல. டைம் வாங்கினதும் நீ, காலைல கேன்சல் பண்ணச் சொன்னதும் நீ. நான் பண்ணல, அவ்ளோதான்.”

தம்பி கைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தான். அக்காவுக்குப் புகார் பிரிவில் வேலை; நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் திட்டுவதைக் கேட்டுக்கொள்வாள். அத்தனையும் வட்டியும் முதலுமாக இப்போது தம்பிக்கு வந்தது. மடியிலிருந்த அக்கா மகள், இரண்டே முக்கால் வயதுக் குட்டி, அவன் சட்டைப் பொத்தானை மும்முரமாகத் திருகிக்கொண்டிருந்தாள்.

“முடிச்சிட்டியா? ... சரி, திட்டு. ... மாமாவும் நாலு வயசுலதான் பேசினாராம், தெரியும். இப்ப மட்டும் என்ன பேசிக் கிழிக்கிறார்? ... சரி, சரி, சிரிக்கல. அடுத்தது நாமதான், அக்கா. நீ எழுதின ஃபாரம் கையில இருக்கு. ‘குழந்தை சொல்லும் சொற்கள்’... நாப்பத்திரண்டு! ‘தண்ணி – ங்ஆ. பந்து – ங்ஆ. பால் – ங்ஆ, கொஞ்சம் இழுத்து.’ ... உனக்குப் புரியுது, எனக்கும் புரியுது. அதான் வினையே! அவ கைய நீட்டறதுக்குள்ள நாம ஓடிடறோம். அவ பேசலைங்கிறதே நமக்குத் தெரியாமப் போச்சு.

“... ஆமா, டெஸ்ட் வெச்சேன். சனிக்கிழமை, நீ குளிக்கப் போனப்ப. என்னைக் குழாய்கிட்ட இழுத்துட்டுப் போனா. நான் மக்கு மாதிரி நின்னேன்... எனக்கு அது கஷ்டமில்லதான், நன்றி. அவ வாயத் திறக்கல, அக்கா. ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறி, குழாயத் திறந்துட்டா. மூளை சும்மா பறக்குது. ... பின்னாடி நின்னு மூணு தடவ கூப்பிட்டேன். திரும்பல. ... தண்ணிச் சத்தமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதுக்குத்தான் மொதல்ல காதப் பாப்பாங்களாம்.”

கதவு திறந்தது. பணியாளர் ஒருவர் உரக்கப் பெயர் சொல்லி அழைத்தார். நாற்காலிகளில் இருந்த எல்லாரும் நிமிர்ந்தார்கள். குட்டி மட்டும் பொத்தானை விடவில்லை.

“கேட்டுச்சா? ... அவ பேரைத்தான் கூப்பிட்டாங்க. ... இல்ல. திரும்பல. ... அக்கா? ... லைன்ல இருக்கியா?”

அவன் எழுந்து நின்றான்.

“என்ன? ... ‘அம்மா’ன்னு சொன்னாளா? எப்ப? ... ரெண்டாவது பொறந்தநாள் வரைக்கும்... அப்புறம்? ... அப்புறம் சொல்லவே இல்லையா? நான் ஹாஸ்டல்ல இருந்தப்பவா? ... ஒம்பது மாசமா யார்கிட்டயும்... சரி. சரி. அழாத. ... பட்டியல்ல மொதல் வார்த்தையே அதுதான் இருக்கு. ... இல்ல, அத அடிக்க மாட்டேன். பக்கத்துல ‘முன்பு சொன்னாள், இப்போது இல்லை’ன்னு எழுதறேன். அவங்களுக்கு அது தெரியணும். ... மத்த நாப்பத்தொண்ணும்? ... நீயே சொல்லு. ... ம். அடிச்சிட்டேன்.

“... ஆமா, ஆமா, உள்ளதான் போறோம். நீ கெளம்பி வா. ... மேனேஜர்கிட்ட என்ன சொல்றதா? ஒரு புகார் வந்திருக்கு, நேர்ல போய்க் கேட்டாத்தான் தீரும்னு சொல்லு. ... வெக்கிறேன்.”