ஆண்டனியின் அரை நிமிடம்

மைக் வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி இருந்தால் போதும். ஆண்டனிக்கு மட்டும் ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். அவர் சாதாரணமாகப் பேசினாலே ஒலி அளவு சிவப்பைத் தொட்டுவிடும். இதை நான் முதல் வாரமே கற்றுக்கொண்டேன். அதன் பிறகு பதினொரு மாதம், ஒவ்வொரு ஞாயிறும், அந்த ஒரு சாணைக் கையால் அளந்துதான் வைத்தேன். வேலையில் நான் குறை வைத்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஹரிபிரசாத். வயது முப்பத்தொன்று. சொந்த ஊர் கோயம்புத்தூர். இந்த மராத்தி ஊருக்கு வேலைக்காக வந்தேன். ஹடப்சர் பகுதியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, வானவடியில் வாடகை வீடு. மனைவி லீலா இறந்து பதினாறு மாதம் ஆகிறது. தமிழிலேயே சொல்லலாம் என்று நீங்கள் சொன்னது நல்லதாயிற்று, கோகுல்நாத் சார். நீங்கள் கட்கியில் ஃபேக்டரி லைன் வீட்டில் பிறந்தவர். ஆண்டனி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் பிறகு படிக்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆண்டனி கட்கி ரோவர்ஸ் கால்பந்து அணிக்குப் பதினான்கு வருடம் ஸ்டாப்பராக ஆடியவர். கோல்கீப்பருக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்கிற இடம். ஒரு இறுதி ஆட்டத்தில் புருவம் கிழிந்து, முகமெல்லாம் ரத்தத்தோடு நின்று, கடைசி நிமிடத்தில் தலையால் முட்டிக் கோல் போட்டார். அந்தப் படம் கட்கியில் பல தமிழ் வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இன்றும் தொங்குகிறது. என் மாமனார் கந்தசாமி வீட்டிலும் இருக்கிறது.

ஆட்டத்தை விட்ட பிறகு அவர் தமிழில் வர்ணனை செய்ய ஆரம்பித்தார். லீக் ஆட்டங்களை நடத்துகிறவர்கள் இணையத்தில் காட்டும் படத்தில் இந்தியிலும் மராத்தியிலும் பேசுவார்கள். நம் ஆட்கள் அந்தச் சத்தத்தை அடைத்துவிட்டு ஆண்டனியின் குரலைத் தனியாக வைத்துக் கேட்பார்கள். எழுநூறு பேர் வரை கேட்டார்கள். அவர் மற்ற அணிகளை விட்டுவிடுவார். திட்டெல்லாம் ரோவர்ஸுக்குத்தான். கோல்கீப்பர் காசிம் பந்தைப் பிடிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கையில் வாங்குவது மாதிரி இருக்கிறது என்பார். செயலாளருக்குப் பந்து உருண்டையா சதுரமா என்று யாராவது சொல்லிக்கொடுங்கள் என்பார்.

எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் பெரிய டிவி உண்டு. மாமனார் கட்கியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துவிடுவார். மேல்மாடி மனோஜ், சென்னைப் பையன், அவனும் வருவான்.

"க்யா யார், இவன் நம்ம ஆளா, அவனுங்க ஆளா? நம்ம பசங்களயே போட்டு இந்த வாங்கு வாங்குறான்" என்பார் மாமனார். நண்பனைக் கூப்பிடும் இந்தி 'யார்' கட்கிக்காரர்கள் வாயில் ஒட்டிக்கொண்டது.

"சொல்றது கரெக்ட்தான அங்கிள்?"

"கரெக்ட்தான்டா. அதான் கடுப்பு. மாப்ள, அந்தச் சனியன அடச்சு வைங்க."

ஒரு நாள் நான் உண்மையாகவே அடைத்துவிட்டேன். இருபது வினாடி ஆகியிருக்காது. "என்ன மாப்ள, ஊமப் படமா பாக்குறது? வால்யூம வைங்க!" என்று கத்தினார். லீலா விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கப்பாவுக்கு ஆண்டனி அண்ணன் திட்டலன்னா சாப்பாடு செரிக்காதுங்க" என்றாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த எழுநூறு பேரில் அவர் வாயை மூட வேண்டும் என்று ஒரு முறையாவது சொல்லாதவர் கிடையாது. நான் புதிதாக எதையும் விரும்பிவிடவில்லை.

லீலா ஆண்டனியின் ஒரு வாக்கியத்தில் இறந்தாள்.

அன்று ஞாயிறு, மாலை ஐந்தே முக்கால். ஹடப்சரில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். ஆண்டனியின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. ரோவர்ஸுக்குப் பெனால்டி கிடைத்தது. தினேஷ் அடிக்க வந்தான். ஆண்டனி சொன்னார்: "இவன் போட மாட்டான். எழுதி வெச்சுக்குங்க. இவன் கால் எப்படி நடுங்குது பாருங்க, நான் சொல்றேன், இவன்..." வானவடிப் பக்கம் திரும்பும் இடத்தில் தண்ணீர் டேங்கர் வந்தது. அந்த வாக்கியத்தின் மீதியை நான் கேட்கவில்லை. எனக்கு மணிக்கட்டு மட்டும் முறிந்தது.

தினேஷ் அந்தப் பெனால்டியைப் போட்டான் என்று ஆஸ்பத்திரியில் மனோஜ் சொன்னான். எதற்குச் சொன்னான் என்று தெரியவில்லை. வேறு சொல்ல எதுவும் இல்லாமல் இருந்திருக்கும்.

அப்படியானால் ஆண்டனி சொன்னது தவறு. தவறாகச் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒருத்தி போய்விட்டாள். எனக்கு இது தெளிவாக இருந்தது. இன்றும் தெளிவாக இருக்கிறது.

சாவுக்கு ஆண்டனி வந்தார். "சின்னதுல இவள தோள்ல ஒக்கார வெச்சு மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன்" என்று மாமனாரைக் கட்டிக்கொண்டு அழுதார். பாடையின் ஒரு முனையை அவர்தான் தூக்கினார். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கே வந்தார். நான் கதவைத் திறந்ததும் உள்ளே பார்த்தார். கழுவாத பாத்திரங்களைப் பார்த்தார்.

"தம்பி, இப்படித் தனியா உக்காராத. நீ கம்ப்யூட்டர் படிச்ச பையன். வந்து என் சாமானப் பாத்துக்க. இந்த பட்டன் கருமம் ஒண்ணும் எனக்குப் புரியல."

போனேன். நான் அவரைத் தேடிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மைதானத்தின் மேல் ஒரு சின்ன அறை. முன்பக்கம் கண்ணாடி. வெளிச்சத்தம் கலக்காமலிருக்கக் கதவைச் சாத்திவிடுவோம். உள்ளே நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் ஆட்டத்தை நேரில் பார்த்துப் பேசுவார். லீக்காரர்களின் படமோ அரை நிமிடம் தாமதமாகத்தான் வீடுகளுக்குப் போய்ச் சேரும். குரலை அப்படியே விட்டால் கோலைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள். முன்பெல்லாம் அதற்கும் அவரைத் திட்டினார்கள். நான் வந்த பிறகு அவர் குரலை அரை நிமிடம் பிடித்து வைத்து, படத்தோடு பொருத்தி வெளியே விட்டேன். கணினியில் இரண்டு பதிவு ஓடும். ஒன்று, அவர் பேசுவது அப்படியே. இன்னொன்று, வெளியே போவது. நடுவில் ஒரு பொத்தான். கெட்ட வார்த்தை வந்தால் அந்த அரை நிமிடத்துக்குள் நான் அழுத்திவிடலாம். மைதானத்துச் சத்தம் மட்டும் போகும்.

ஆக, ஆண்டனி பேசுவதை உலகத்துக்கு அரை நிமிடம் முன்னால் நான் ஒருவன் கேட்டேன். அது ஒரு பொறுப்பு. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு இதயத்தில் கோளாறு இருந்தது. கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகர டப்பா வைத்திருப்பார், உள்ளே மாத்திரை. முதல் நாளே காட்டினார். "என் மூஞ்சி வெளுத்துச்சுன்னா ஒண்ண எடுத்து நாக்குக்கு அடில வெச்சிடு தம்பி. ஜெனிபர்கிட்ட சொல்லாத, மைக்க ஒடச்சிருவா." ஜெனிபர் அவர் மனைவி. இரண்டு முறை நான் மாத்திரை வைத்திருக்கிறேன். சரியாகத்தான் வைத்தேன்.

பத்தாவது மாதம், ஆட்டம் தொடங்கும் முன் வடாபாவ் தின்றுகொண்டிருந்தோம். சும்மா கேட்பது போல் கேட்டேன். "அண்ணா, போன வருசம் தினேஷ் ஒரு பெனால்டி அடிச்சான். போட மாட்டான்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்குங்களா?"

அவர் பச்சை மிளகாயைக் கடித்தபடி சிரித்தார். "எந்தப் பெனால்டி தம்பி? நான் ஆயிரம் பேரத் திட்டியிருக்கேன். எல்லாத்தயும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா நான் தூங்க வேணாமா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மீதி வடாபாவைத் தின்றேன். மைக்கை ஒரு சாண் அளந்து வைத்தேன்.

அந்தக் கடைசி ஞாயிறு ஆட்டம் நான்கு மணிக்கு. ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் ஆண்டனி எழுந்து கண்ணாடியோரம் நின்று கத்திக்கொண்டிருந்தார். நான் டப்பாவை எடுத்து என் பையில் போட்டேன். அப்போது எதுவும் தீர்மானிக்கவில்லை. மேஜையில் இடம் வேண்டியிருந்தது என்றுதான் நினைத்தேன்.

அறுபத்தொன்றாவது நிமிடம் ரோவர்ஸுக்குப் பெனால்டி. தினேஷ் வந்தான். ஆண்டனி உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. ஆனாலும் பேசினார். அவர் சொன்னது இது: "இந்தப் பய போடுவான். போன வருசம் இதே மாதிரி ஒண்ணு. போட மாட்டான்னு நான் வாய விட்டேன். போட்டுட்டான். அன்னிக்கே சொல்லியிருக்கணும், தினேஷு, தப்பு என்னுதுதான்டா."

பிறகு கையை மேஜையில் துழாவினார். "டப்பா" என்றார். "தம்பி, டப்பா."

எனக்கு அரை நிமிடம் இருந்தது. பொத்தானை அழுத்தினேன்.

அவர் தினேஷிடம் சொன்னதும் அந்த அரை நிமிடத்துக்குள்தான் இருந்தது. அதுவும் போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. தனியாக வெட்டி எடுக்க நேரமில்லை.

வெளியே மைதானத்துச் சத்தம் மட்டும் போனது. தினேஷ் கோல் போட்டான். ஆண்டனியிடமிருந்து ஒரு வார்த்தையும் வராததைக் கேட்டவர்கள் கவனித்துவிட்டார்கள். கேட்பவர்கள் கணினிக்கு அனுப்பும் செய்திகள் வரிசையாக வந்தன. எல்லாம் பதிவில் இருக்கிறது, நீங்களும் பார்த்தீர்கள். "அண்ணன் வாய்க்குப் பூட்டு." "தினேஷ் பேதி குடுத்துட்டான்." "இன்னிக்குத்தான்யா நிம்மதியா மேட்ச் பாக்குறேன்." மாமனார் போட்டது: "முருகா, நூத்தியெட்டுத் தேங்கா." கை தட்டும் படம் பதினேழு பேர் போட்டார்கள். அதில் ஒன்று உங்களுடையது, சார். அன்று நீங்களும் கேட்டுக்கொண்டிருந்ததாக நீங்களேதான் சொன்னீர்கள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அவர் என் சட்டையைப் பிடித்தார். பெரிய கை. நான் விலக்கவில்லை. தானாக விட்டார்.

எட்டு நிமிடம் போன பிறகு செய்திகள் மாறின. "ஆண்டனி எங்க?" "லைன் போச்சா?" முதலில் கேட்டவர் என் மாமனார்தான். கடைசியாக அவர் எழுதினார்: "டேய் ஆண்டனி, ஏதாவது திட்டுடா. போரடிக்குது யார்." நான் அதைப் படித்தேன். அவரால் படிக்க முடியாது அப்போது. பதினொரு நிமிடம் ஆனதும் டப்பாவை மேஜையில் பழைய இடத்தில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து ஆட்களைக் கூப்பிட்டேன்.

மாரடைப்பு என்று எழுதினார்கள். உண்மைதான். கட்கியில் போஸ்டர் ஒட்டினார்கள். திட்டியவர்கள் எல்லாம் அழுதார்கள். காசிம் சவப்பெட்டிக்குள் தன் கையுறையை வைத்தான். நான் சவப்பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினேன். அவர் லீலாவுக்குத் தூக்கியிருந்தார் அல்லவா.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ஜெனிபர் அக்கா வந்தார். "தம்பி, வீட்ல சத்தமே இல்ல. அவரு கடைசியா பேசினது உங்கிட்ட இருந்தா குடு. நல்லா திட்டியிருப்பாரு, கேட்டுக்கிட்டே சமைப்பேன்" என்றார்.

லீலா போன பிறகு நானும் அப்படித்தான் அவள் குரலைத் தேடினேன். என் போனில் இருந்ததெல்லாம், வரும்போது பால் பாக்கெட் வாங்கி வாங்க என்று ஒரு எட்டு வினாடி. அந்த வலி எனக்குத் தெரியும். வெளியே போன பதிவில் ஆண்டனி கடைசியாகப் பேசியது கிடையாது. அது முதல் பதிவில்தான் இருக்கிறது. அதைக் கொடுத்தேன். அதில் வேறு என்ன இருக்கிறது என்று மறந்துவிட்டதா என்று கேட்டீர்கள். மறக்கவில்லை. ஆனால் ஒருவருடைய கடைசிக் குரலை அவர் மனைவியிடமிருந்து மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் அதை எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார். வந்தது சரிதான்.

ஆக, டப்பாவை எடுத்தது நான். பொத்தானை அழுத்தியது நான். பதினொரு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். எதையும் மறுக்கவில்லை. ஒருவர் பேசுவதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் கேட்பது இந்த வழக்கோடு சம்பந்தமில்லாதது. ஆனாலும் சொல்கிறேன். ஆமாம், அன்று ஸ்கூட்டரை ஓட்டியது நான்தான். ஹெல்மெட்டுக்குள் இரண்டு காதிலும் இயர்போன் இருந்தது. லீலா தோளைத் தட்டினாள். "அத நிறுத்துங்க. ரஸ்தாவப் பாருங்க" என்றாள். கேட்டது. இயர்போன் கம்பியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், கட்டை விரலால் அழுத்தினால் போதும். ஒரு கையை எடுத்து அதைத் தொட்டேன். ஒலியைக் கூட்டினேன்.

ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். பெனால்டி, சார். பெனால்டி நேரத்தில் ஆண்டனியை யார் நிறுத்துவார்கள்?