பிளக்ஸில் இரண்டாவது முகம்

"அண்ணே, பிளக்ஸுல இருந்து என் மூஞ்சிய எடுத்துருங்க."

அவனியாபுரத்தில் ஏறிய ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இருந்த இருவரில் இளையவர் இப்படிச் சொன்னார். மூத்தவரின் மடியில் ஒரு சின்னக் கட்சியின் கொடி, கடையில் தந்த மடிப்புகூடக் கலையாமல் இருந்தது.

"ஏன் மாப்ள? ஞாயித்துக்கெழம நம்ம கிளையத் தொறக்கணும்ல."

"எம் மச்சான் பெரிய கட்சியில பகுதிச் செயலாளரு. பிளக்ஸப் பாத்தாருன்னா எம் பொண்டாட்டி பொறந்த வீட்டுப் பக்கம் போக முடியாது."

"இருக்கிறதே ரெண்டு மூஞ்சி. நான் தலைவரு, நீ செயலாளரு."

"கொடிக்கம்பத்துக்குக் குழி வேணா, ஆள் பாக்காத நேரமா வந்து தோண்டித் தாரேன். போட்டோ மட்டும் வேணாம்ணே."

அடுத்த நிறுத்தத்தில் இளையவர் இறங்கிக்கொண்டார். மூத்தவர் கொடியை நீவிவிட்டுக்கொண்டே வந்தார். பிறகு பிளக்ஸ் கடைக்குப் போன் போட்டார்.

"தம்பி, பிளக்ஸுல அந்த ரெண்டாவது போட்டோவ எடுத்துருங்க. இல்லப்பா, என் படத்தப் பெருசாக்க வேணாம். அந்த எடத்த அப்படியே விட்ருங்க. யாராச்சும் வருவாக."