அமைதியான பிள்ளை

"நல்லா செஞ்சேன்னு சொல்லிட்டாங்கக்கா. எனக்குப் பத்திக்கிட்டு வருது!"

மாத்தளையிலிருந்து எல்கடுவ போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பேசியவள் அன்றுதான் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில், பெரிய மிஸ்ஸி என்கிற தலைமை நர்ஸிடம் பயிற்சி முடித்து, மருத்துவச்சியாகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். மற்றவள் போன வருஷம் அதே வார்டில் படித்து, வேறொரு தோட்டத்தில் வேலை பார்க்கிறவள்.

"நல்லா செஞ்சேன்னா சந்தோஷப்படேன்டி. ஏன் கத்துற?"

"எதை நல்லா செஞ்சேன்? ஒரு பொம்பளை வயித்தைத் தொட்டுப் பார்த்து, பிள்ளைக்குத் தலை கீழதான் இருக்குன்னு சொன்னேன். பெரிய மிஸ்ஸியும் தொட்டுப் பார்த்தாங்க. மூஞ்சி மாறிப்போச்சு. ஓடிப்போய் டாக்டர்கிட்ட, பிள்ளை குறுக்க கிடக்குன்னு சொன்னாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நீ கேட்கிறதுதானே?"

"இன்னைக்குப் புறப்படும்போது கேட்டேனே! என் கை எங்க தப்பு பண்ணுச்சு மிஸ்ஸின்னு. அதெல்லாம் போகப்போக வரும், நீ அமைதியான பிள்ளைன்னு முதுகைத் தட்டுறாங்க. என் அமைதி யாருக்கு வேணும்? நாளைக்குத் தோட்டத்து லயத்து வீட்டுல நான் தொட்டுப் பார்த்த வயித்தை இன்னொரு தடவை தொட்டுப் பார்க்க யாரு இருக்கா?"

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைக் குறைக்கவில்லை.

"சொல்லுங்கக்கா, யாரு இருக்கா?"

மற்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"எனக்கும் அமைதியான பிள்ளைன்னுதான்டி சொன்னாங்க."