ரோசி முன்னே நடந்த நிரை

சுருக்கமாகப் பேசு என்று எனக்குச் சொல்லிவிட்டு, தாம் மட்டும் நீட்டி முழக்கி அமர்ந்திருக்கும் வாசிகசாலைத் தலைவர் சின்னத்தம்பி ஐயா அவர்களே! ஆட்டுக்கும் கோழிக்கும் ஒரு விழா எடுத்தால் என்ன என்று கேட்டு, கேட்டதோடு நில்லாமல் எடுத்தும் காட்டிய சுமித்ரா டீச்சர் அவர்களே! வெயில் ஏறும் முன் மலை ஏறி, கொழுந்து கிள்ளிய விரலாலேயே கூடை பின்னிக் கொண்டுவந்திருக்கும் தாய்மார்களே! ஓப்பநாயக்கவிலிருந்தும் பலாங்கொடையிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் விருந்தினர்களே! விடிந்ததிலிருந்து மலை அதிரப் பாட்டுப் போட்டு, இப்போதுதான் எனக்காகக் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் ஒலிபெருக்கிக்காரர் தாஸிம் அவர்களே! முயலை மடியில் வைத்துக்கொண்டு, இவன் எப்போது முடிப்பான் என்று என்னை முறைக்கும் பிள்ளைகளே! முன்வரிசையில், வெறும் மடியோடு உட்கார்ந்திருக்கும் மூக்காயி அக்கா அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

டீச்சர் எனக்குத் தந்த தலைப்பு, ‘வாசலில் வளரும் இன்பம், கையால் மலரும் இன்பம்’. நல்ல தலைப்பு. நானும் ஆசையாகத்தான் ஆயத்தமானேன்.

லயத்து வீட்டுத் தகரக் கூரையில் மைனா நடந்தால் மழைத்துளி விழுவதுபோல் கேட்கும். அது இன்பமா, இல்லையா? பின்வாசல் வாழையில் அணில் தலைகீழாகத் தொங்கிப் பூவில் வாய்வைத்துக் குடிக்கும். அது இன்பமா, இல்லையா? வடிகால் கானோரத்தில் கபரகொய்யா என்கிற பெரிய உடும்பு, தோட்டத்துப் பெரிய துரை மலை பார்க்க வந்த மாதிரி, தலையைத் தூக்கிக்கொண்டு ஆடி அசைந்து போகும். சிரிப்பு வருமா, வராதா? உரமூட்டையைப் பிரித்த நூல் தொட்டிலாகிறது. கிழிந்த சேலை கால்மிதியாகிறது. தேய்ந்த டயர் பூச்சட்டியாகிறது. வேண்டாம் என்று வந்ததையெல்லாம் வேண்டும் என்று ஆக்கும் கைகள் அல்லவா நம் கைகள்!

பார்த்தீர்களா? இப்படித்தான் பேசவேண்டும் என்று வந்தேன். ஆனால் நான் பலாங்கொடையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறவன். எஞ்சினில் தட்டுகிற சத்தம் கேட்டால் சீட்டைத் துடைத்துக் கொண்டிருக்க என்னால் முடியாது. இந்த விழாவுக்குள் ஒரு சத்தம் தட்டுகிறது. எல்லோருக்கும் கேட்கிறது. எல்லோரும் சீட்டைத் துடைத்துக் கொண்டிருக்கிறோம்.

ரோசி எங்கே?

வெளியூர் விருந்தினர்களுக்குச் சொல்கிறேன். ரோசி என்பது மூக்காயி அக்காவின் நாய். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். இன்றைய பிராணிகள் ஊர்வலத்தில் முதலாவதாக நடக்க வேண்டியவள் அவள்தான். அவளுக்கென்று நூலில் பின்னி, மணி கோத்த புத்தம்புதுக் கழுத்துப்பட்டி அக்காவின் கையில் இருக்கிறது. கழுத்தைத்தான் காணோம்.

‘ஒரு நாய்க்காடா இவ்வளவு?’ என்று யாரோ முணுமுணுக்கிறீர்கள். கேட்டது. பதில் சொல்கிறேன்.

தேயிலை மலையில் பெண்கள் எப்படி வேலை செய்கிறார்கள்? ஆளுக்கொரு நிரை. கங்காணி காட்டும் வரிசையைப் பிடித்து, கீழிருந்து மேலே கொழுந்தெடுத்துக்கொண்டே ஏறுவார்கள். அக்கா நிரை பிடித்தால் ரோசி அந்த நிரையில் முன்னே நடப்பாள். போன வருஷ மழைக்காலத்தில் ஒருநாள் ஒரு செடிக்கு முன்னால் நின்றுகொண்டு, ஓர் அடி நகரமாட்டேன் என்று குரைத்தாள். கங்காணிக்குக் கோபம். ‘என்னா மூக்காயி, ஒன் நாயிக்கும் சம்பளச் செக்ரோல்ல பேர் போடணுமா? வெரட்டு அத!’ என்றார். அக்கா என்ன சொன்னார்? ‘பேர் போடுங்க கங்காணி, அது ஒங்களவிட நல்லாதான் மலை பாக்குது’ என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தச் செடிக்குள் என்ன இருந்தது? குளவிக் கூடு. மனிதத் தலை அளவுக் கூடு! பக்கத்து நிரையில் யார் நின்றது? நிறைமாதக் கர்ப்பிணி. அன்று வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது அதோ, பின்வரிசையில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது. குளவி கொட்டிய உடம்பைத் தோளில் சுமந்து லொறி தேடி ஓடிய ஊர் அல்லவா இது? அந்த ஊரில் ‘ஒரு நாய்க்காடா’ என்று கேட்கலாமா? கேட்கலாமா?

நேற்றுச் சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் ரோசி வந்தாள். அதன்பிறகு காணோம். இன்று விடியும்போது ஏழாம் நம்பர் மலைப் பக்கமிருந்து முனகல் கேட்டது என்கிறார் அக்கா. நானும் இன்னும் இரண்டு பேரும் ஏறினோம். ஒரு மாதமாகக் கொழுந்தெடுக்காத மலை, செடி தரையை மறைக்கிறது. ரோசி கிடைக்கவில்லை. கிடைத்தது இது.

இதோ, பரிசு மேசையில் வைக்கிறேன். ஐயா, அந்தக் கேடயத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எல்லோரும் நன்றாகப் பாருங்கள். இதுவும் கைவினைப் பொருள்தான்! பைக் கிளச்சுக்குள் ஓடும் கம்பி. மெல்லிய இழைகளை முறுக்கி முறுக்கி, அறுந்துபோகக் கூடாது என்பதற்காகவே செய்த கம்பி. ஒரு முனை மரத்தில், மறுமுனை சுருக்கு. தலையை விட்டால் தலை, காலை விட்டால் கால். இழுத்தால் இறுகும். திமிறினால் இன்னும் இறுகும். வலிக்கிறது என்று துள்ளுவதே அதற்குச் சாவு. பயந்த பிராணிக்குச் சும்மா நிற்கத் தெரியுமா? நமக்கே தெரியாதே!

என் முதலாளி கபூர் நானா ஒருநாள் என்னைக் கேட்டார். ‘எனக்கி ஒண்டு வெளங்கல்ல சசி. பழைய கேபிள் ஈக்கிதா, பழைய கேபிள் ஈக்கிதாண்டு ஒங்கட பக்கத்தால ஆள் வருது. அங்க அவ்வளவு பைக்கா ஓடுது?’ என்றார். ‘பைக் ஓடல்ல நானா, பன்றி ஓடுது’ என்றேன். அன்றிலிருந்து பழைய கேபிளைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் வீசுகிறார்.

பன்றியின் கொடுமை எனக்குத் தெரியாதா? ஆறு மாதம் தண்ணீர் சுமந்து வளர்த்த மரவள்ளியும் சேம்பும் ஒரே இரவில் ஏர் பூட்டி உழுத நிலம்போல் கிடந்தால் வயிறு எரியாதா? எரியும். எங்கள் வீட்டிலும் எரிந்தது. ஆனால் இந்தக் கம்பிக்குக் கண் இருக்கிறதா? இது பன்றி, இது சருகுமான், இது சிறுத்தை, இது ரோசி என்று பிரித்துப் பார்க்குமா? கட்டியவன் பசியில் கட்டினான். கம்பிக்குப் பசி கிடையாது. அது சும்மா காத்திருக்கும்.

என் பயத்தை மறைக்காமல் சொல்கிறேன். உச்சி மலையைப் பாருங்கள், கறுத்துவிட்டது. மழை இறங்கினால் முனகல் கேட்காது. இருட்டினால் சிறுத்தைக்குக் கேட்கும். நமக்கு இருப்பது இந்தச் சாயந்தரம் மட்டும்தான்.

ஆகவே இந்தச் சபையைக் கேட்கிறேன். ஏழாம் நம்பர் மலையில் கம்பி கட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. எங்கே கட்டியிருக்கிறது? அதை மட்டும் சொல்லுங்கள். வனவிலங்குக்காரர்கள் வருவார்கள், பொலிஸ் வரும், கோர்ட்டுக்கு அலையவேண்டும் என்ற பயம் புரிகிறது. நான் பொலிஸ் இல்லை. என் பையில் விலங்கு இல்லை, குறடுதான் இருக்கிறது. எனக்குப் பேர் வேண்டாம். இடம் வேண்டும்.

சொல்லுங்கள்.

ஒருவரும் இல்லையா?

முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் சபையில் ஆட்டுக்குட்டி மட்டும்தான் பேசுகிறது. ‘சசி, பரிசக் குடுத்துட்டுப் பொறகு பேசுவோம்’ என்கிறீர்களா, ஐயா? எந்தப் பரிசை, ஐயா? யார் கழுத்தில் போட?

சரி. அப்படியானால் நமக்குத் தெரிந்த ஒரே வழி இருக்கிறது. தொலைந்ததைத் தேட நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு செடி விடாமல், ஓர் அடி விடாமல் ஒரு மலையை அளக்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் நம் பெண்களைவிட வேறு யார்? தாய்மார்களே, இப்போதே ஏழாம் நம்பரில் நிரை பிடிப்போம்! ஆளுக்கொரு வரிசை. கையில் ஒரு கம்பு. அவள் நமக்கு முன்னால் நடந்தாள். இன்று அவளைத் தேடி நாம் நடப்போம். கம்பி காலில் மாட்டும் என்று பயமா? எனக்கும்தான். ஆனால் திங்கட்கிழமைப் பிரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டு எந்த மலைக்கு அனுப்பப்போகிறார்? அதே ஏழாம் நம்பருக்கு! அன்றைக்கு மாட்டாதா? அன்றைக்குத் தலையில் கொழுந்துப் பாரத்தோடு, சரிவில், செருப்பில்லாத காலோடு அல்லவா மாட்டும்! யார் வருகிறீர்கள்?

மூக்காயி அக்கா எழுந்துவிட்டார். வாருங்கள். அந்தக் கரையில் இன்னொருவர். அதோ, இரண்டு பேர். ஜீவராணி அக்கா, நீங்களுமா? கைக்குழந்தையை டீச்சரிடம் கொடுத்துவிட்டா? மெல்ல வாருங்கள், வழி விடுங்கள்...

யாரது கத்துவது? ஏழுமலை அண்ணனா? என்ன அண்ணே? தள்ளாதீர்கள், அவர் பேசட்டும். தாஸிம், அந்த இரண்டாவது மைக்கை அண்ணனிடம் கொடு.

(ஏழுமலை, கூட்டத்தின் நடுவிலிருந்து: “ஜீவராணி! நில்லு! நீ போகாத! ஏய், ஒருத்தரும் ஏழாம் நம்பர்ல கால வெக்காதீங்க. சொல்றேன், சொல்லிப்புடுறேன். மேல் கானுக்கு அங்கிட்டு, சவுக்கு மரத்தடியில ஒண்ணு. பாறைக்குக் கீழ ஒண்ணு. காட்டோரத்துல ரெண்டோ மூணோ, அது நெனப்பு இல்ல. பன்னிக்குத்தான் தம்பி கட்டுனேன். மலை சும்மாதானே கெடக்குது, வேலை தொடங்கறதுக்குள்ள அவுத்துக்கலாம்னு இருந்தேன். காலையில இருந்து நாக்கு நுனியில நிக்குது, வரல. மூக்காயி, அந்தப் பட்டிய முந்தாநாத்து ஒனக்குப் பின்னிக் குடுத்தவனும் நான்தானே...”)

வேண்டாம்! யாரும் அவர்மேல் கைவைக்காதீர்கள்! யார் அந்த நாற்காலியைத் தூக்குவது? கீழே வை! மனைவி எழுந்த பிறகுதானே வாய் திறந்தான் என்று கேட்கிறீர்களா? ஆமாம், அதன்பிறகுதான். சரி, நான் ஒன்று கேட்கிறேன். தன் வீட்டுக் கோடிப்புறத்தில் இந்தக் கம்பி இல்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய எத்தனை பேர் மேடைக்கு வருவீர்கள்? வாருங்கள் பார்ப்போம். வரமாட்டீர்கள். அப்படியானால் உட்காருங்கள்.

மூக்காயி அக்கா ஏதோ சொல்கிறார். மைக் வேண்டாமாம். நானே சொல்கிறேன். ‘அவர ஏசறத எறங்கி வந்து ஏசிக்கலாம், இப்ப முன்னால நடக்கச் சொல்லு’ என்கிறார்.

கேட்டீர்களா? நான் இவ்வளவு நேரம் முழங்கியது எதற்கு? இந்த ஒரு வார்த்தைக்குக் கால்தூசி பெறுமா?

ஏழுமலை அண்ணே, இந்தாங்க குறடு. நீங்கள் கட்டியதை நீங்கள்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் முன்னால், நானும் நாலு ஆம்பிளைகளும் உங்கள் பின்னால். கம்பி கழன்ற நிரையில் மட்டும் பெண்கள் கால் வைக்கட்டும். ரோசி கிடைத்ததும் யாரும் இழுக்காதீர்கள், தடவாதீர்கள். முதலில் ஒரு சாக்கை அவள் முகத்தில் போர்த்துங்கள். அடங்கியதும் மரத்துப் பக்கக் கம்பியை நறுக்குங்கள். உடம்பில் இறங்கிய கம்பியை யாரும் தொட வேண்டாம், அது மிருக வைத்தியர் வேலை. டீச்சர், வான் ஒன்றுக்குச் சொல்லிவையுங்கள். அவளைக் கண்ட பிறகும் நிற்கக் கூடாது. மறந்துபோன அந்த ரெண்டோ மூணோ கம்பியும் கைக்கு வரும்வரைக்கும் இந்த மலையைவிட்டு யாரும் இறங்கக் கூடாது!

மலைநாட்டு மக்களே! நம் கையால் தொட்டில் பின்னினோம், கூடை பின்னினோம், அதே கையால் சுருக்கும் பின்னினோம். இன்றைக்கு இந்த ஊரின் கைவினை என்பது முடிச்சு அவிழ்ப்பது. அவிழ்ப்போமா? சத்தமாகச் சொல்லுங்கள், அவிழ்ப்போமா? அவிழ்த்த கம்பிகளெல்லாம் இந்தப் பரிசு மேசைக்கு வரட்டும். கேடயத்துக்கு வேறு இடம் பாருங்கள், ஐயா.

பொறுமையோடு கேட்டதற்கு நன்றி. பொறுமை இழந்து எழுந்த தாய்மார்களுக்கு இரட்டை நன்றி. வாய் திறந்த ஏழுமலை அண்ணனுக்கும் நன்றி. அண்ணே, அழுதுகொண்டே நடக்கலாம், நடங்கள். முதல் தூறல் மைக்கில் விழுகிறது. அனைவருக்கும் வணக்கம்.

கடைசியாக ஒன்று. தாஸிம், இனிமேல் பாட்டுப் போடாதே. விடிந்ததிலிருந்து ஏழாம் நம்பர் மலையைப் பார்த்துத்தானே நம் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களும் அலறிக் கொண்டிருந்தன? அவள் கூப்பிட்டிருப்பாள். நாம்தான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மைக்கை நிறுத்து. எல்லோரும் கொஞ்சம் மூச்சை அடக்குங்கள்.

கேளுங்கள்.