மந்திரி எழுந்து பதில் சொன்னார்

வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே மாகாணத்தில் நம்மவர்கள் மந்திரிகளான புதிது. திருச்சி ஜங்ஷனில் பிளாட்பாரம் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற உப்பிலியபுரத்து அம்மாள், பக்கத்திலிருந்த முஸ்லிம் கடைக்காரரிடம் சொன்னாள்:

“மந்திரியை எழுந்து நிக்க வெச்சுட்டேன், பாய்.”

“நீங்களாம்மா?”

“என் தம்பியை இலங்கைத் தோட்டத்துல ஊருக்கு விடாம நிறுத்தி வெச்சுட்டாங்க. மனு மேல மனு போட்டேன், பதிலே இல்லை. எங்க மெம்பர் வீட்டு வாசல்ல போய் உட்கார்ந்துட்டேன். அவர் சட்டசபையில கேட்டாரு, ‘இந்த அம்மா மனுவை இலங்கை சர்க்காருக்கு அனுப்பினீங்களா?’ன்னு.”

“மந்திரி என்ன சொன்னாராம்?”

“‘கவனிக்கிறோம்’னாரு. எங்க மெம்பர் விடலை. ‘அனுப்பினீங்களா, இல்லையா?’ன்னாரு. மந்திரி ‘இல்லை’ன்னு ஒத்துக்கிட்டு, அன்னிக்கே கடுதாசி எழுதிட்டாரு!”

“மாஷா அல்லா! உங்க ஓட்டுல வந்தவங்க பதில் சொல்லித்தானே ஆகணும்?”

“எனக்கு ஏது பாய் ஓட்டு? வரி கட்டுறவங்களுக்குத்தானே ஓட்டு! எனக்கு நிலமா, வீடா?”

அதற்குள், இலங்கைக் கப்பலில் வந்தவர்களை ஏற்றிவரும் தனுஷ்கோடி வண்டி ஊதிக்கொண்டு வந்துவிட்டது. அவள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஓடினாள். நான் உள்ளே போனபோது, மெலிந்த ஓர் ஆளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவனுடைய தகரப்பெட்டியைத் தன் தலையில் சுமந்து வந்துகொண்டிருந்தாள்.

“வழி விடுங்க, வழி விடுங்க! என் தம்பி வந்துட்டான்!”