ஐந்தாவது விளக்கு

2024 ஜூன் 10ஆம் திகதி, திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு, நோர்வூட்டுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டப் பாதையின் மூன்றாம் வளைவில் மின்சார மோட்டார் சைக்கிள் ஒன்று பள்ளத்தில் விழுந்தது. அந்த வண்டியைக் கட்டியவன் நான்.

பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பின் சக்கரத்துக்குள் மின்மோட்டார் வைப்பது என் தொழில். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் தொடங்கினேன். பதினேழு வண்டிகள் கட்டியிருக்கிறேன். "றோலண்ட் அண்ணன் வண்டி" என்றால் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

மலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டரியில் ஐந்து சிறு விளக்குகள் இருக்கும். பள்ளத்து லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் ஐந்தும் எரியும்வரை சார்ஜ் ஏற்றலாம். மேட்டு லயத்துக்காரர்கள் நாலோடு நிறுத்த வேண்டும். இந்த வண்டிகளுக்குப் பின் பிரேக் கிடையாது. இறக்கத்தில் மோட்டார்தான் பிடிக்கும். பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரம் பெட்டரிக்குள் போக வேண்டும். நிறைந்த பெட்டரி அதை வாங்காது. மோட்டார் பிடியை விட்டுவிடும்.

ஏப்ரலில் தோட்டத்தின் மேட்டுப் பகுதியான மேல் டிவிசனில் ஒரு லயக் காம்பரா, ஒற்றை அறை வீடு, எரிந்தது. கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு உள்ளேயே இறந்தார். லயத்து வயர் பழசு என்று எழுதி முடித்தார்கள். வயர் பழசுதான். அவருடைய மகனுக்கு நான் கட்டிய பெட்டரியும் அங்கே சார்ஜில் இருந்தது. தூக்கிப்போட்ட மடிக்கணினிகளிலிருந்து எடுத்த செல்கள். எல்லாவற்றையும் நான் சோதிக்கவில்லை.

நிரஞ்சன் அதே டிவிசனில் குடியிருந்த விஞ்ஞான ஆசிரியர்; அவரும் நான் கட்டிய வண்டிதான் ஓட்டினார். சாம்பலில் கிடந்த செல் ஒன்றை ஜூன் முதல் வாரத்தில் என் பட்டறை மேசையில் வைத்தார்.

"இது வயர் எரிஞ்சதில்லண்ணே."

"பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துறது பத்தாதா சேர், இங்கயுமா?"

சிரித்தார். பிறகு சொன்னார்: "நீங்களே பொலிசுல சொல்லிடுங்க. திங்கக்கெழம வரைக்கும் பாக்குறேன். இல்லாட்டி நான் போயி சொல்லுவேன். மத்த வீடுகள்லயும் உங்க பெட்டரிப் பொட்டிதானே இருக்கு?"

அவர் சொன்னது நியாயம். நானும் நியாயமாகத்தான் யோசித்தேன். என்னை உள்ளே போட்டால் மீதிப் பதினாறு வண்டிகளைப் பார்க்க ஆள் இல்லை. பிள்ளைத்தாய்ச்சிகளை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோவதுகூட அவற்றில் ஒன்றில்தான்.

சனிக்கிழமை அவரைக் கூப்பிட்டு, பெட்டரியை மாற்றித் தந்தேன். புதுச் செல்கள், ஒவ்வொன்றாகச் சோதித்தவை. என் கையால் கட்டியவற்றில் அதுதான் சிறந்தது.

"இதையும் நாலோட நிறுத்தணுமா?" என்று கேட்டார்.

"வேணாம் சேர். இது புது மாதிரி. அஞ்சும் எரியட்டும்."

"பாத்தீங்களா, மனசு வச்சா நல்ல சாமான் செய்வீங்க." தோளில் தட்டினார். நான் திருந்திவிட்டேன் என்று நம்பினார்.

முன் பிரேக்கின் கட்டைகள் தேய்ந்திருந்தன. அவர் கவனிக்கவில்லை. நான் மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். திங்கட்கிழமை மழை. அவருடைய மனைவி சர்மிளா பின்னால் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமைகளில் அவரை பஸ்ஸுக்கு இறக்கிவிடுவது வழக்கம். அது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சர்மிளாவைப் பார்த்தேன். முதுகெலும்பு முறிந்திருந்தது. "மோட்டார் சத்தமே வரலண்ணே," என்றார். "'பிடிக்கல சர்மி'ன்னு மட்டுந்தான் சொன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. நான் பயந்துருவேன்னு."

இறக்கத்தில் மோட்டார் பிடிக்கும்போது மெல்லிய முனகல் ஒன்று வரும். அன்றிலிருந்து எனக்கு அது கேட்பதில்லை. எந்த வண்டியின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாலும் கேட்பதில்லை. "நல்லாத்தானே கேக்குது," என்கிறார்கள் வண்டிக்காரர்கள். நான் சக்கரத்தில் கை வைத்து, அதிர்வை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஒரு விளக்கு, அவ்வளவுதான் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். நீங்கள் இந்த வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டியது வேறு. மோட்டார் பிடிக்காது என்று தெரிந்து சொன்னேன். இருவர் வருவார்கள் என்று தெரிந்து சொன்னேன்.

நிரஞ்சன் வளைவிலேயே இறந்தார். விபத்து என்று பதிந்தார்கள். சர்மிளா இனி நடக்கமாட்டார். புதுச் செல்களை நான் வேறு யாருக்கும் போடவில்லை. மீதிப் பதினைந்து பெட்டரிகளும் பழைய செல்களோடு லயங்களில் இருக்கின்றன.