இழுப்பறையில் இருந்த மெழுகுவத்தி

அம்பிளிமோளே!

மேடையில் இருக்கிற சர்ச் அச்சன் அவர்களே, சுகாதார நிலையத்து டாக்டரம்மா அவர்களே, மட்டாஞ்சேரியில் என்னோடு தெரு கூட்டுகிற சகோதரிகளே, எல்லாருக்கும் வணக்கம். நான் முனியாயி. கொச்சி கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. மைக் பிடித்துப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் துக்கத்தைக் கேட்டு ஆறுதல் தந்த கவுன்சலர் அம்பிளி மேடம் காய்ச்சலில் போய்விட்டார். மேடம் என்று நீங்கள் சொல்லுங்கள். எனக்கு அவள் மோள், மகள்.

என் ஒரே மகன் தங்கதுரை கலூரில் லாரி மோதிப் போனான். அதற்குப் பிறகு எனக்குப் பேச்சே வரவில்லை. சர்ச்சும் சுகாதார நிலையமும் சேர்ந்து சர்ச் வாசலில் நடத்துகிற கவுன்சலிங் அறைக்குப் போ என்றார்கள். பள்ளுருத்தி நாத்தனார் மாயம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா? "போ, போ! முனியாயியாப் போறே, மேரியாத் திரும்பி வருவே!"

பயந்துதான் போனேன். உட்கார்ந்ததும் அம்பிளி கேட்டாள்: "சேச்சி, ஜெபிச்சிட்டுப் பேசணுமா, ஜெபிக்காமப் பேசணுமா? சேச்சி சொல்றதுதான்."

"ஜெபிச்சா பேரை மாத்திடுவியா மோளே?"

"அய்யோ! முனியாயின்னு பேரு வச்சவங்ககிட்ட மோத எனக்குத் தைரியம் இல்ல சேச்சி!"

மகன் போனபிறகு அன்றுதான் சிரித்தேன். ஜெபிக்காமல் என்றேன். ஜெபத்துக்காகக் கையில் எடுத்த மெழுகுவத்தியை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். நான் அழுது முடிக்கிறவரை ஒரு வார்த்தை பேசாமல் கூடவே இருந்தாள். அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்?

பிரார்த்தனை இல்லாமல் என்ன ஆறுதல் என்று அச்சன் கேட்டார். கவுன்சலிங்கில் கடவுள் எதற்கு என்று டாக்டரம்மா கேட்டார். இரண்டு பேருக்கும் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: "வர்றவங்க சொல்லட்டும்." இரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். இல்லையென்று சொல்லட்டும்!

ஒரு மழை நாள், நான் பேசிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. இழுப்பறையைத் திறந்து அந்த மெழுகுவத்தியை ஏற்றினாள். நான் பயந்து அவள் முகத்தையே பார்த்தேன். "பேடிக்காதீங்க சேச்சி, இது ஜெபத்துக்கு இல்ல. இருட்டுக்கு."

இனி அந்த அறையில் யார் உட்காருவது, அச்சனும் டாக்டரம்மாவும் பேசிக்கொள்ளட்டும். புருஷனைப் பறிகொடுத்த நம் சந்தனமாரி பின்வரிசையில் இருக்கிறாள். எனக்குப் படிப்பில்லை. ஆனால் பேசாமல் அவள் பக்கத்தில் உட்காரத் தெரியும். முதலில் ஜெபிச்சிட்டா, ஜெபிக்காமலா என்கிற உன் கேள்வியை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன், மோளே. இது உறுதி!

ஆனால் நான் யாரிடம் போவேன்? வீட்டில் மகன் இல்லை. அறையில் நீ இல்லை.

உன் படத்துக்கு முன்னால் நானே ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். நீ சொல்லு மோளே, இது ஜெபத்துக்கா, இருட்டுக்கா?